வானத்துக்குப் பூட்டு உண்டா?

முழுப் பூசணிக்காயைச் சோற்றிலே மறைக்க முனைந்தவனைப் பார்த்து ஊர் சிரிக்கும். பேருந்து அளவுள்ள ஒரு செயற்கைக் கோளை, ஊரறிய உலகறிய நெருப்பும் புகையும் கக்கும் ராக்கெட்டில் வைத்து வானத்திலே ஏற்றிவிட்டு, மறுகணமே "அது எங்கே போகிறது, எதற்காகப் போகிறது என்று கேளாதீர்!" என்று வாய்ப்பூட்டுப் போட்டுக்கொள்கின்றனவே வல்லரசுகள், அவற்றைப் பார்த்து என்ன செய்வது? சிரிப்பதா? சினப்பதா?

இரண்டும் வேண்டாம், அளந்து பார்த்துச் சொல்வோம் என்று புறப்பட்டவர்கள் சிலர் இவ்வுலகிலே உண்டு. அவர்களுக்குப் பதவி இல்லை, படை இல்லை, பட்ஜெட்டிலே பணம் ஒதுக்கித் தருவாரும் இல்லை. வீட்டு மொட்டைமாடி, ஒரு பைனாகுலர், ஒரு ஸ்டாப் வாட்ச், ஒரு நட்சத்திரப் படம். இவ்வளவுதான் அவர்களுடைய ஆயுதசாலை! இதைக் கொண்டே அரசாங்கப் பட்டியலில் இல்லாத கோள்களைத் தேடிப் பிடித்து, "இது இன்னாருடையது, இந்நாளில் ஏவப்பட்டது, இந்தப் பாதையிலே போகிறது" என்று உலகத்தின் முன்னே எடுத்து வைக்கிறார்கள்.

ஆலைச் சங்கு ஊதினால் ஓட வேண்டிய நமக்கு, அரிசி விலையையும் அகவிலைப்படியையும் கணக்குப் பார்க்க வேண்டிய நமக்கு, ஆகாயத்துக் கணக்கு எதற்கு என்று கேட்கும் தோழர்கள் இருப்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆள்பவர் மறைப்பதை ஆளப்படுபவர் அறிவது எங்ஙனம் என்ற பெரிய பாடம் அந்தச் சின்னஞ்சிறு ஒளிப்புள்ளியிலே இருக்கிறது. அதற்காகத்தான் இக்கட்டுரை.

அதிபர் காட்டிய படம்

2019 ஆகஸ்டு 29ஆம் நாள், ஈரான் நாட்டின் செம்னான் மாநிலத்து ஏவுதளத்தில் ஒரு ராக்கெட், புறப்படும் முன்பே மேடையிலேயே வெடித்துச் சிதறியது. மறுநாள் அமெரிக்க அதிபர் டிரம்ப், "இந்த விபத்தில் எங்களுக்குத் தொடர்பு இல்லை" என்ற கருத்தில் ட்விட்டரில் ஒரு செய்தி போட்டார். போட்டவர் அத்தோடு நிறுத்தினாரா? இல்லை. கருகிய ஏவுமேடையின் படம் ஒன்றையும் சேர்த்துப் போட்டார்.

பார்த்தவர்கள் திகைத்தார்கள். கடைச்சரக்காக விற்கப்படும் விண்வெளிப் படங்களிலே காண முடியாத தெளிவு! எரிந்து நின்ற வண்டிகளும் மேடையின் சிதைவும் அருகிலிருந்து பார்ப்பதுபோல் தெரிந்தன. இதை எடுத்தது எது? விமானமா? ஆளில்லா விமானமா? செயற்கைக் கோளா? அதிகாரிகள் வாய் திறக்கவில்லை. பெரிய பெரிய நிபுணர்களே ஆளுக்கொன்று சொன்னார்கள்.

விடை எங்கிருந்து வந்தது தெரியுமா? ஹாலந்து நாட்டின் லைடன் நகரத்தில் வாழும் மார்கோ லாங்புரூக் போன்ற ஆர்வலர்களிடமிருந்து வந்தது. இவர் படித்தது தொல்பொருளியல். உளவுத்துறையில் உத்தியோகம் பார்த்தவர் அல்லர். இவரும் இவரைப் போன்ற தோழர்களும் அந்தப் படத்தையே சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள்.

ஏவுமேடையைச் சுற்றி உயரமான கோபுரங்கள் நிற்கின்றன. அவற்றின் நிழல் தரையிலே விழுந்திருக்கிறது. முற்றத்துத் தூணின் நிழலைப் பார்த்து நேரம் சொன்னாளே நம் பாட்டி, அதே கணக்குத்தான்! நிழல் விழுந்த திசையை அளந்தார்கள். ஈரான் நேரப்படி பிற்பகல் இரண்டேகால் மணி அளவில் எடுத்த படம் என்று தெரிந்தது. அடுத்தது, மேடையின் வட்டம். சோற்றுத் தட்டை நேர் மேலிருந்து பார்த்தால் வட்டமாகத் தெரியும். பக்கத்திலிருந்து சாய்வாகப் பார்த்தால் நசுங்கிய வட்டமாகத் தெரியும். எவ்வளவு நசுங்கல் தெரிகிறதோ அவ்வளவு சாய்விலிருந்து பார்க்கிறோம் என்று பொருள். அந்த நசுங்கலை அளந்தார்கள். எந்தத் திசையிலிருந்து, எந்தச் சாய்விலிருந்து கேமரா பார்த்தது என்பதும் தெரிந்தது.

நேரம் கிடைத்தது, திசை கிடைத்தது. அந்த நேரத்தில், அந்தத் திசையில், வானத்தில் இருந்தவர் யார்? நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினார்கள். யு.எஸ்.ஏ. 224 என்ற கோள் சரியாக அந்த இடத்தைக் கடந்துகொண்டிருந்தது! 2011 ஜனவரியிலே அமெரிக்கா ஏவிய, கே.ஹெச். 11 என்னும் வகையைச் சேர்ந்த உளவுக் கோள் அது.

இதிலே கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அந்தக் கோளின் பாதையை அமெரிக்க அரசு பொதுப் பட்டியலில் வெளியிடுவதில்லை. வெளியிடாத பாதை இவர்களுடைய நோட்டுப் புத்தகத்திலே எப்படி வந்தது? இரவு இரவாக நின்று பார்த்துக் குறித்து வைத்திருந்தார்கள், அதனால் வந்தது! மூன்று ஆண்டுகள் கழித்து, 2022இல், ஒரு செய்தி நிறுவனம் சட்டப்படி கேட்டுப் போராடிய பிறகே அந்தப் படத்தின்மேல் இருந்த இரகசிய முத்திரையை அதிகாரிகள் எடுத்தார்கள். இந்தத் தோழர்களுக்கோ சில நாட்களே போதுமானதாக இருந்தன.

கண்ணும் கடிகாரமும்

இந்த வித்தையில் மாயம் ஒன்றும் இல்லை. செயற்கைக் கோளுக்குச் சொந்த விளக்கு கிடையாது. சூரியன் மறைந்து நமக்கு இருட்டிவிட்ட பிறகும், நானூறு ஐந்நூறு கிலோமீட்டர் உயரத்தில் இன்னும் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். மலை உச்சியிலே மாலை வெயில் தங்கியிருப்பதைப் போல! அந்த வெயிலிலே கோளின் உடல் மின்னுகிறது. ஆகவே மாலை இருட்டியதும் ஒன்றிரண்டு மணி நேரமும், விடியலுக்கு முன் ஒன்றிரண்டு மணி நேரமும் அதைப் பார்க்க ஏற்ற வேளை. இரண்டாம் ஷிப்டு முடிந்து வருகிறவருக்கு வாய்க்காவிட்டாலும், முதல் ஷிப்டுக்குப் போகிற தோழருக்கு வாய்க்கும்.

விட்டுவிட்டு எரிந்தால், சிவப்பும் பச்சையும் தெரிந்தால், அது விமானம். நட்சத்திரம்போல் வெள்ளையாக, ஓசையின்றி, ஒரே சீராக நகர்ந்து ஐந்தாறு நிமிடத்தில் வானத்தைக் கடந்தால் அது செயற்கைக் கோள். நடுவானிலே சட்டென்று மங்கி மறைந்தால், பூமியின் நிழலுக்குள் புகுந்துவிட்டது என்று பொருள்.

பார்ப்பவன் வேடிக்கை பார்ப்பவன், அளப்பவன் ஆராய்ச்சியாளன். அளப்பது எப்படி? ரோகிணி நட்சத்திரமும் திருவாதிரை நட்சத்திரமும் நமக்குத் தெரியும். கோள் அவ்விரண்டுக்கும் நடுவே கோடு தாண்டும் கணத்தில் ஸ்டாப் வாட்சை அழுத்த வேண்டும். இரண்டுக்கும் இடையிலே எந்தப் பங்கில் தாண்டியது, பாதியிலா, மூன்றில் ஒரு பங்கிலா என்று குறித்துக்கொள்ள வேண்டும். வினாடிக்கு ஏழரைக் கிலோமீட்டர் ஓடுகிற பொருள் அது. வினாடியிலே பத்தில் ஒரு பங்கு தவறினால் முக்கால் கிலோமீட்டர் தவறும். ஆகவே கை பழக வேண்டும். கடிகாரம் சரியாக இருக்க வேண்டும். கடைசல் பட்டறையிலே நூலளவு பிசகாமல் வேலை செய்கிற தொழிலாளிக்கு இந்தப் பொறுமையைப் பற்றி நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒருவர் ஓர் ஊரில் பார்த்த கணக்கு மட்டும் போதாது. வேறு ஊரில், வேறு நாட்டில், மறுநாள் இன்னொருவர் பார்த்த கணக்கும் சேர வேண்டும். சேர்ந்தால் பாதை கிடைக்கும். பாதை கிடைத்துவிட்டால் அடுத்த வாரம் அது எந்த நிமிடத்தில் எந்த ஊருக்கு மேலே வரும் என்று சொல்லிவிடலாம். ஏனெனில் வானத்தில் ஓடுகிற பொருள் கெப்ளர் 400 ஆண்டுகளுக்கு முன் வகுத்துச் சொன்ன விதிக்குக் கட்டுப்பட்டது. ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் தெரிந்தால் உயரத்தின் கணக்கு தெரிந்துவிடும். அந்த விதியை அதிபரும் மாற்ற முடியாது. தளபதியும் மாற்ற முடியாது. இரகசியச் சட்டம் மனிதர்களைக் கட்டும். புவியீர்ப்பைக் கட்டுமா?

முதல் கோளும் முன்வந்த மக்களும்

1957 அக்டோபர் 4ஆம் நாள் சோவியத் நாடு ஸ்புட்னிக்கை ஏவியது. 58 சென்டிமீட்டர் குறுக்களவு, 83.6 கிலோ எடை. 96 நிமிடத்துக்கு ஒரு சுற்று. உலகமே அண்ணாந்து பார்த்தது. வெறுங்கண்ணுக்குத் தெரிந்தது பெரும்பாலும் அந்தச் சிறு உருண்டை அன்று. அதை ஏற்றிச் சென்று தானும் சுற்றிக்கொண்டிருந்த ராக்கெட்டின் பெரும் பகுதிதான். இதையும் சொன்னவர்கள் கவனித்துப் பார்த்தவர்களே!

அமெரிக்காவில் ஸ்மித்சோனியன் வானாய்வு நிலையத்தின் தலைவர் பிரெட் விப்பிள், அதற்கு முந்தைய ஆண்டே பொதுமக்களைத் திரட்டி ஒரு படை அமைத்திருந்தார். "மூன்வாட்ச்" என்று அதற்குப் பெயர். கோள்களைப் படம் பிடிக்கத் திட்டமிட்ட பெரிய கேமராக்கள் ஸ்புட்னிக் ஏறிய நாளில் தயாராகவில்லை. தயாராக இருந்தவர்கள் யார்? பள்ளி ஆசிரியர்களும் மாணவர்களும் கடைக்காரர்களும் இல்லத்தரசிகளும்! வரிசையாகச் சிறு தொலைநோக்கிகளை வைத்துக்கொண்டு, ஆளுக்கு ஒரு துண்டு வானம் என்று பங்கிட்டுக்கொண்டு, கோள் யாருடைய துண்டிலே குறுக்கிடுகிறதோ அவர் குரல் கொடுக்க, நேரம் பதிவாயிற்று. பிறகு வந்த பன்னிரண்டு பெரிய கேமராக்களில் ஒன்று நம் நைனிதாலிலும் நிறுவப்பட்டது.

இந்தக் கூட்டத்தின் உழைப்புக்கு ஒரு சான்று. 1962 செப்டம்பர் 5ஆம் நாள் விடியற்காலையில், செயலிழந்துபோன ஸ்புட்னிக் 4 காற்று மண்டலத்தில் புகுந்து எரிந்து சிதறுவதை மில்வாக்கி நகரத்து மூன்வாட்ச் குழுவினர் கண்டு குறித்தார்கள். அதன் துண்டு ஒன்று, ஏறத்தாழ ஒன்பது கிலோ இரும்பு, அதே விஸ்கான்சின் மாநிலத்தின் மானிட்டோவாக் என்ற ஊரின் நடுத்தெருவில் வந்து விழுந்தது! தெருவிலே கிடந்ததை ரோந்து வந்த போலீசார் ஏதோ ஆலைக் கழிவு என்று முதலில் எண்ணினார்கள். அது எங்கிருந்து வந்தது என்பதை உறுதி செய்யக் குழுவினரின் குறிப்புகள் துணை நின்றன. 1975 வரை அந்தப் படை பணியாற்றியது.

பள்ளிக்கூடத்தில் பிடிபட்ட இரகசியம்

இங்கிலாந்திலே கெட்டரிங் என்று ஓர் ஊர். பூட்ஸும் செருப்பும் செய்யும் தொழிலாளர் நிறைந்திருந்த ஊர். அங்கிருந்த பள்ளிக்கூடத்தில் ஜெஃப்ரி பெர்ரி என்று ஒரு பௌதிக ஆசிரியர். ரயில் எஞ்சின் ஊதிக்கொண்டே நம்மை நோக்கி வரும்போது ஓசையின் சுருதி ஏறியும், கடந்து போனதும் இறங்கியும் கேட்கிறதல்லவா? ரயில்வே தோழர்கள் நன்கறிந்த உண்மை. அதை மாணவர்களுக்கு விளக்க, வானத்திலே ஓடும் செயற்கைக் கோளின் வானொலி ஒலியைப் பிடித்துக் காட்டினால் என்ன என்று எண்ணினார். ஒரு ரேடியோ ரிசீவரை வைத்துக்கொண்டு ஆசிரியரும் மாணவரும் கேட்கத் தொடங்கினார்கள். நாள் தவறாமல் கேட்டார்கள். நேரம் தவறாமல் எழுதினார்கள்.

சோவியத் நாடு அந்நாளில் தன் கோள்களில் பெரும்பாலானவற்றுக்குக் "காஸ்மாஸ்" என்ற ஒரே பெயரைச் சூட்டி, பக்கத்திலே ஓர் எண்ணைப் போட்டுவிடும். எது ஆராய்ச்சிக்கு, எது உளவுக்கு என்று வெளியே சொல்வதில்லை. 1966 மார்ச்சில் காஸ்மாஸ் 112 ஏவப்பட்டது. கெட்டரிங் பள்ளியின் கணக்கில் அது ஒத்துவரவில்லை. பைக்கானூர் தளத்திலிருந்து புறப்பட்டிருந்தால் இந்த நேரத்தில் இந்தப் பாதையில் வர முடியாதே! அதே ஆண்டில் இன்னொரு கோளும் அதே ஐயத்தைக் கிளப்பியது. பாதைகளைப் பின்னோக்கி வரைந்து பார்த்தார்கள். அவை ருஷ்யாவின் வடபகுதியில் பிளெசெட்ஸ்க் என்ற இடத்தைச் சுட்டின. உலகத்துக்குச் சொல்லப்படாத ஒரு ராக்கெட் தளம் அங்கே இருக்கிறது என்று பள்ளி ஆசிரியர் அறிவித்தார்!

வேடிக்கை என்னவென்றால், அந்தத் தளம் இருப்பது அமெரிக்க உளவுத்துறைக்கு முன்பே தெரியும். தெரிந்தும் சொல்லவில்லை. கட்டியவன் சொல்லவில்லை, கண்டவனும் சொல்லவில்லை. இரு பகைவரும் ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமை: பொதுமக்களுக்குத் தெரியக்கூடாது! சோவியத் அரசு அந்தத் தளம் உண்டு என்று ஒப்புக்கொண்டது 1983இல்தான்.

துரோகமா?

"நாட்டின் பாதுகாப்பு இரகசியத்தைத் தெருவிலே போட்டு உடைக்கிறார்களே, இது துரோகம் அல்லவா?" என்று கேட்பவர்கள் உண்டு. தட்டிக் கழிக்காமல் விடை சொல்வோம்.

பகைநாடு என்று எதைச் சொல்கிறீர்கள்? அதனிடம் ராடார் இருக்கிறது. பெரிய தொலைநோக்கி இருக்கிறது. சம்பளம் வாங்கும் விஞ்ஞானிகள் இருக்கிறார்கள். மொட்டைமாடியில் பைனாகுலரோடு நிற்கும் ஒரு தனி மனிதரால் காண முடிந்ததை, அவர்களால் காண முடியாது என்று நம்பச் சொல்கிறீர்களா? பகைவனுக்குத் தெரியும், வரி கொடுப்பவனுக்குத் தெரியாது. அந்த இரகசியம் யாரிடமிருந்து யாரைக் காக்கிறது?

1990இல் அட்லாண்டிஸ் விண்கலத்திலிருந்து ஓர் இரகசியக் கோளை அமெரிக்கா இறக்கிவிட்டது. சிதறிய துண்டுகள்தாம் காணப்பட்டன, கோள் கெட்டுவிட்டது போலும் என்று செய்தி பரவியது. அதே ஆண்டிலேயே ஐரோப்பாவின் ஆர்வலர்கள் வேறொரு பாதையில் ஓடும் அடையாளம் தெரியாத ஒரு கோளைக் கண்டார்கள். டொரன்டோ நகரத்து டெட் மோல்சன் முதலானோர் கணக்கிட்டு, இது அதுவே என்றார்கள். பின்பு அது பாதையை மாற்றிக்கொண்டு மறுபடியும் பார்வைக்குத் தப்பியது. 2010 ஏப்ரலில் எக்ஸ்-37பி என்ற ஆளில்லாச் சிறு விண்விமானம் ஏவப்பட்டபோது, ஒரு மாதத்துக்குள் கனடாவிலும் தென் ஆப்பிரிக்காவிலும் இருந்த ஆர்வலர்கள் அதைக் கண்டு, நான்கு நாட்களுக்கு ஒருமுறை ஒரே தடத்தின்மேல் திரும்பி வருகிறது என்று சொன்னார்கள். 2023 டிசம்பரில் அதே வகை விமானம் ஏழாம் முறையாக ஏவப்பட்டு, வழக்கத்துக்கு மாறாக மிக நீண்ட பாதையில் போயிற்று. 2024 பிப்ரவரியில் பின்லாந்து நாட்டு ஆர்வலர் ஒருவர் அதையும் கண்டுபிடித்துவிட்டார்!

இவர்களிடம் நாம் கற்க வேண்டிய நேர்மை ஒன்று உண்டு. எங்கே இருக்கிறது என்பார்கள். எப்படி ஓடுகிறது என்பார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டால், பாதையைப் பார்த்து இன்ன வேலையாக இருக்கலாம் என்ற அளவோடு நிறுத்துவார்கள். கண்டதைக் கண்டதாகவும், ஊகத்தை ஊகமாகவும் பிரித்துச் சொல்லும் பழக்கம் அது. மேடையிலே பேசும் நம் தோழர்களுக்கும் இந்தப் பழக்கம் வேண்டும்.

ஒப்பந்தமும் ஓட்டையும்

விண்வெளியில் ஏவும் ஒவ்வொரு பொருளையும் ஐக்கிய நாடுகள் சபையிலே பதிவு செய்ய வேண்டும் என்று உலக ஒப்பந்தம் இருக்கிறது. 1976இல் நடைமுறைக்கு வந்தது. பெயர், ஏவிய நாள், இடம், பாதை, பொதுவான பயன் இவற்றைச் சொல்ல வேண்டும். எத்தனை நாளுக்குள் சொல்ல வேண்டும்? "முடிந்த விரைவில்" என்று எழுதி வைத்தார்கள், நாள் குறிக்கவில்லை. ஓட்டை அங்கேதான்! முதலில் ஒரு பாதையைச் சொல்லிவிட்டுப் பிறகு வேறு பாதைக்கு மாற்றிக்கொண்டாலும் கேட்பாரில்லை. பயன் என்ன என்ற கட்டத்திலே பட்டும் படாமல் ஒரு வரி எழுதினால் போதும். விண்வெளி மனித குலம் முழுமைக்கும் உரியது என்று 1967 உடன்படிக்கை முழங்குகிறது. உடைமை எல்லோருக்கும்; கணக்குப் புத்தகம் மட்டும் சிலருக்கா?

கணக்குக் கேட்பது வெறும் ஆவலால் அன்று. வானம் இன்று குப்பைமேடாகி வருகிறது. 2007இல் சீனா தன் பழைய கோளைத் தானே ஏவுகணையால் அடித்து உடைத்தது. மூவாயிரத்துக்கு மேற்பட்ட துண்டுகள். 2008இல் அமெரிக்கா அடித்தது. 2021இல் ருஷ்யா அடித்தது. ஆயிரத்தைந்நூறுக்கு மேற்பட்ட துண்டுகள். வினாடிக்கு ஏழு கிலோமீட்டருக்கு மேல் ஓடும் திருகாணி ஒன்று மோதினாலும் விண்கலத்தில் துளை விழும்.

நம் நாடு விலக்கா? 2019 மார்ச் 27 அன்று நாமும் நம்முடைய கோள் ஒன்றை அடித்து வீழ்த்தினோம். "தாழ்வான உயரம்தான், துண்டுகள் 45 நாட்களுக்குள் எரிந்து போகும்" என்று பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைவர் சொன்னார். துண்டுகளில் இருபத்து நான்கு, மனிதர்கள் தங்கியிருக்கும் சர்வதேச விண்வெளி நிலையத்தின் உயரத்துக்கும் மேலே எழும்பின என்று நாசா தலைவர் குறை கூறினார். இதிலே யார் சொல் சரி?

அதே லைடன் நகரத்து லாங்புரூக், நம் நிறுவனமே வெளியிட்ட காணொளியை எடுத்துக்கொண்டார். கட்டுப்பாட்டு அறையின் திரைகளிலே ஓடிய எண்களைப் படித்தார். ஏவுகணை கோளை நேருக்கு நேராக அன்றி, கீழிருந்து மேல்நோக்கிச் சாய்வாக மோதியது. ஆகவேதான் துண்டுகள் மேலே தூக்கி எறியப்பட்டன என்று கணக்குப் போட்டுக் காட்டினார். 45 நாட்கள் போயின. ஓராண்டும் போயிற்று. அதன் பிறகும் சில துண்டுகள் சுற்றிக்கொண்டுதான் இருந்தன. வேற்று நாட்டான் வஞ்சகம் செய்தால் வெளிச்சம் போட்டுக் காட்டு, சொந்த அரசு மிகைபடச் சொன்னால் விளக்கை அணை என்பது நியாயமா? அளவுகோல் ஒன்றுதான். அது எல்லோருக்கும் பொது.

தொலைந்ததும் கிடைத்ததும்

மறைப்பதைக் காட்டுவது மட்டுமே இவர்கள் வேலை என்று எண்ணிவிடாதீர்கள். 2018 ஜனவரியில், கனடாவின் மேற்குக் கரையில் வாழும் வானொலி ஆர்வலர் ஸ்காட் டில்லி, புதிதாக ஏவப்பட்ட ஓர் இரகசியக் கோளின் ஒலியைத் தேடிக்கொண்டிருந்தார். தேடியது கிடைக்கவில்லை, வேறொன்று கிடைத்தது. 2000இல் நாசா ஏவி, 2005 டிசம்பரில் தொடர்பு அறுந்து, செத்துப்போனது என்று கைவிடப்பட்ட "இமேஜ்" என்ற ஆராய்ச்சிக் கோள் உயிரோடு குரல் கொடுத்துக்கொண்டிருந்தது! நாசாவும் பத்து நாட்களில் அதை உறுதி செய்தது. பல கோடி டாலர் செலவழித்த நிறுவனம் தொலைத்ததை, வீட்டிலிருந்த ஒரு மனிதர் கண்டெடுத்தார்.

நம்மவர் செய்ததையும் சொல்வோம். 2019 செப்டம்பரில் சந்திரனில் இறங்க முயன்ற நம் விக்ரம் கலம் தரையில் மோதிச் சிதைந்தது. அந்தப் பகுதியின் படத்தை நாசா எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டது. சென்னையில் பணிபுரிந்த பொறியாளர் சண்முக சுப்பிரமணியன், பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, புள்ளி புள்ளியாக ஒப்பிட்டு, முன்பு இல்லாத ஒரு புள்ளியைக் கண்டார், எழுதி அனுப்பினார். நாசா ஆராய்ந்து, ஆம், அது விக்ரமின் துண்டுதான் என்று டிசம்பரில் அவர் பெயரைச் சொல்லி அறிவித்தது. படம் பூட்டிக் கிடந்திருந்தால் அந்தப் புள்ளி யார் கண்ணில் பட்டிருக்கும்? அறிவைத் திறந்து வைத்தால் ஆயிரம் கண்கள் அதற்குக் காவல் நிற்கும்.

இனி என்ன?

ஒன்றிரண்டு இரகசியக் கோள்களைத் தேடிய காலம் மாறிவிட்டது. 2019 மே மாதம் முதல் ஒரே தனியார் நிறுவனம் ஆயிரக்கணக்கான கோள்களை ஏற்றிவிட்டது. ரயில் பெட்டிகள்போல் வரிசையாக ஊர்ந்த ஒளிப்புள்ளிகளைக் கண்டு பல ஊர்களில் மக்கள் மிரண்டார்கள் அல்லவா, அவைதாம்! அந்நிறுவனத்தின் கைவண்ணத்திலேயே அமெரிக்க உளவுத்துறைக்கான கோள்களும் 2024 மே முதல் கூட்டம் கூட்டமாக ஏறத் தொடங்கின. வைக்கோற்போரிலே ஊசியைத் தேடியவர்கள், இப்போது ஊசிப்போரிலே ஓர் ஊசியைத் தேட வேண்டியிருக்கிறது. ஆகவே கண்கள் அதிகம் வேண்டும். கைகள் அதிகம் வேண்டும்.

நாம் கேட்க வேண்டியவை மூன்று. ஏவிய கோளை இத்தனை நாளுக்குள் பதிவு செய்தாக வேண்டும் என்று ஒப்பந்தத்திலே நாள் குறிக்க வேண்டும். வானத்திலே ஒன்றை உடைக்கப் போகிறவன், அதனால் எழும் குப்பைக்கு உலகத்தின் முன் கணக்குக் காட்ட வேண்டும். நம் அரசாங்கப் பள்ளிகளில் ஒரு பைனாகுலரும் ஒரு ஸ்டாப் வாட்சும் ஒரு நட்சத்திரப் படமும் இருக்க வேண்டும். செருப்புத் தைக்கும் ஊரின் பள்ளிக்கூடம் செய்ததை நெசவாளர் ஊரின் பள்ளிக்கூடம் செய்யாதா?

தோழர்களே! படிப்பகத்து மாடியில் இன்று மாலை இருட்டியதும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஏறுங்கள். ஓடுகிற ஒளிப்புள்ளி ஒன்று வரும். எந்த நட்சத்திரத்தின் அருகே, எத்தனை மணி எத்தனை நிமிடம் எத்தனை வினாடிக்கு வந்தது என்று நோட்டிலே எழுதச் சொல்லுங்கள். நாளைக்கும் எழுதச் சொல்லுங்கள். வானத்துக்குப் பூட்டுப் போட நினைப்பவர்கள் அஞ்சுவது அந்த நோட்டுப் புத்தகத்துக்குத்தான்!